நிலத்துக்கு உடையவர் யார்?

மக்கள் நாவில் வழங்கும் சொற்களுள் ‘எனது’ என்பதைப் போல எளிதாகச் சொல்லப்படுவது பிறிதொன்று இல்லை. எழுதுகோலைக் கையில் எடுத்த மாணவன் ‘இஃது எனது’ என்கிறான். வீட்டின் முன் நிற்கும் அதன் தலைவரும் ‘இஃது எனது’ என்கிறார். இருவரும் சொன்ன சொல் ஒன்றே. ஆயின் சொல்லிய பொருள் ஒன்றன்று. எழுதுகோலை ஒருவர் செய்தார். மற்றொருவர் விலை கொடுத்து வாங்கினார். எழுதி எழுதித் தேய்ந்தபின் அதனை எறிந்துவிடுவார். அதன் தோற்றமும் முடிவும் மனிதர் கையில் உள்ளன. நிலமோ எவராலும் செய்யப்பட்டதன்று. எவரும் அதனை எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லுதல் இயலாது. உடையவர் மாண்ட பின்னும் அஃது அங்கேயே கிடக்கும். அடுத்து வருபவரும் அதனை ‘எனது’ என்றே சொல்வார்.

ஆகவே, நிலத்தை ஒருவர் தமது என்னும்போது உண்மையில் எதனைத் தமதாக்கிக்கொள்கிறார் என்னும் வினா எழுகின்றது. மண்ணையா? மண்ணின்மேல் தமக்குள்ள உரிமையையா? உரிமை எனின், அஃது எத்துணைக் காலத்துக்கு உரியது? எவருக்கு எதிராகச் செல்லுபடியாகும்? இவ்வினாக்கள் வழக்கறிஞர்க்கும் நில அலுவலகத்தார்க்குமே உரியவை என்று ஒதுக்கிவிடுவோர் உளர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. பிறர் நிலத்தில் நின்ற தோட்டத்து லயங்களில் மூன்று, நான்கு தலைமுறைகள் வாழ்ந்து பழகிய ஒரு சமுதாயத்துக்கு இவை சட்ட வினாக்களாக மட்டும் இருத்தல் இயலாது. அறவினாக்களாகவும் இருத்தல் வேண்டும்.

காலத்தை அளக்கும் சட்டம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் நிலச் சட்டங்களின் வேர்களுள் ஒன்று இங்கிலாந்தில் உள்ளது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், நாட்டின் நிலம் முழுவதும் அரசருடையது என்னும் கோட்பாடு அங்கு வேரூன்றியது. பிறர் அனைவரும் அரசரிடமிருந்தோ அரசரிடம் பெற்றவரிடமிருந்தோ நிலத்தைப் ‘பற்றியிருப்பவர்’ ஆயினர். சுதந்திர மனிதராகப் பற்றியிருப்போரின் உரிமை ‘ஃபிரீஹோல்டு’ எனப்பட்டது. பண்ணையடிமையாக உழுதோரின் நிலைக்கு மாறாக எழுந்த பெயர் அது. இன்று வீட்டு விளம்பரங்களில் ‘நிரந்தர உரிமை’ என்று பெருமையுடன் அச்சிடப்படும் சொல், தொடக்கத்தில் நிலத்தின் சிறப்பைக் குறித்ததன்று. நிலத்தைப் பற்றியிருந்த மனிதரின் நிலையைக் குறித்தது.

தோட்டத்தைக் குறிக்க மலேசியத் தமிழர் வழங்கும் ‘எஸ்டேட்’ என்னும் சொல்லும் ஆங்கிலச் சட்டத்தில் வேறு பொருள் தருவது. நிலத்தில் ஒருவர்க்குள்ள உரிமை எவ்வளவு காலம் நீளும் என்னும் அளவே அங்கு ‘எஸ்டேட்’ ஆகும். நிலம் அரசருடையது, குடிமகனிடம் இருப்பது அந்நிலத்தில் ஒரு காலப் பகுதியே என்பது அச்சட்டத்தின் நுட்பமான எண்ணம்.

இவ்வெண்ணத்தின்படி ஃபிரீஹோல்டு உரிமை ஒன்றாக இல்லாமல் பலவாகக் கிளைத்தது. அவற்றுள் பெரியது, வழித்தோன்றல் எவர்க்கும் செல்லத்தக்கதும், விரும்பியவர்க்கு விற்கத்தக்கதுமான முழுவுரிமை. இரண்டாவது, குறித்த ஒருவரின் நேர் வழியினர்க்கே செல்லும் குலவழி உரிமை. மூன்றாவது, ஒருவர் உயிரோடு இருக்கும் அளவும் நிலைத்து அவர் இறந்தவுடன் நீங்கும் ஆயுள் உரிமை. இவையேயன்றி நிபந்தனையோடு கூடிய உரிமைகளும் உண்டு. ‘இந்நிலம் பள்ளிக்கூடமாகப் பயன்படும் வரையில்’ என்று ஒருவர் கொடை வழங்கினால், பள்ளி மூடப்படும் நாளில் உரிமையும் முடிந்து, நிலம் கொடுத்தவர் வழிக்கே திரும்பும்.

இங்கு வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஆயுள் உரிமை ஃபிரீஹோல்டு வகையைச் சேர்ந்தது. 999 ஆண்டுக் குத்தகையோ அவ்வகையைச் சேர்ந்ததன்று. நாளையே இறந்துவிடக்கூடிய முதியவரின் உரிமை, முப்பது தலைமுறைக்கு நீளும் குத்தகையைவிட உயர்ந்ததாகக் கருதப்பட்டது. காரணம் யாதெனின், குத்தகைக்கு முடிவு நாள் குறிக்கப்பட்டுள்ளது. உயிருக்கு முடிவு நாள் எவராலும் குறிக்கப்படவில்லை. ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, முடிவு நாள் தெரியாமையே உரிமையின் பெருமைக்கு அளவுகோலாயிற்று.

குலவழி உரிமையின் கொடுமையை இலக்கியம் பயின்றோர் அறிவர். 1813ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ என்னும் நாவலில் ஐந்து பெண்மக்களைப் பெற்ற குடும்பம் ஒன்று வருகின்றது. தந்தையின் நிலம் ஆண் வழிக்கே செல்லுமாறு கட்டுண்டிருப்பதால், அவர் இறந்தபின் அது தொலைவு உறவினர் ஒருவரைச் சேரும். பெண்கள் தாம் பிறந்து வளர்ந்த வீட்டையே இழப்பர். என்றோ மறைந்துபோன முன்னோர் ஒருவரின் விருப்பம், வாழ்பவரின் கையைக் கட்டிவைக்கின்றது. நிலத்தைத் தம் காலத்துக்குப் பின்னும் ஆளவேண்டும் என்னும் ஆசை எத்தகைய தீங்கைத் தரும் என்பதற்கு இஃது ஒரு சான்று. 1925ஆம் ஆண்டில் இங்கிலாந்து தன் சொத்துச் சட்டத்தைத் திருத்தியபோது, முழுவுரிமை, ஆண்டுக் குத்தகை என்னும் இரண்டை மட்டுமே சட்ட முறையான நில உரிமைகளாக நிறுத்திக்கொண்டது. மற்றவை அறக்கட்டளையின் வழியாக மட்டுமே நிலைபெற்றன.

பட்டாவும் அதன் வரம்பும்

தமிழர் கடல் கடந்து வந்தபோது ‘பட்டா’ என்னும் சொல்லையும் உடன் கொண்டுவந்தனர். மலேசியாவில் ‘கிராண்ட்’ என்றும் வழங்கும் இவ்வாவணத்தைப் பெற்றவர் நிலத்தை வென்றவர் போலவே மதிக்கப்படுகிறார். ஆயின் சட்டம் சொல்வதை அமைதியாக ஆராய்தல் வேண்டும்.

தீபகற்ப மலேசியாவின் நிலங்களை ஆள்வது 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம். 1966 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 2020ஆம் ஆண்டில் மறுபதிப்பாகத் திருத்தி வெளியிடப்பட்டது. இதன்படி, வழங்கப்படாத அரசு நிலம் அனைத்தும் அந்தந்த மாநில ஆட்சியிடம் உள்ளது. மாநில ஆட்சி அதனை நிரந்தரமாகவோ, 99 ஆண்டுக்கு மேற்படாத குத்தகையாகவோ தனியார்க்கு வழங்கலாம். இன்று புதிதாக நிலம் வழங்கப்படும்போது நிரந்தர உரிமை அரிதாகவே கிட்டுகின்றது.

அவ்வாறு கிட்டிய நிரந்தர உரிமை எத்தகையது? முதலாவதாக, ஆண்டுதோறும் நிலவரி செலுத்துதல் வேண்டும். செலுத்தத் தவறி, அறிவிப்பு வந்த பின்னும் வாளாவிருந்தால், நிலம் அரசுக்கே திரும்பும். இரண்டாவதாக, நிலம் வேளாண்மை, கட்டடம், தொழில் என வகைப்படுத்தப்படுகின்றது. வேளாண் நிலத்தின் உடையவர் தம் விருப்பம்போல அங்குத் தொழிற்சாலை எழுப்புதல் இயலாது. முறைப்படி விண்ணப்பித்து வகையை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். மூன்றாவதாக, நிலத்தடியில் கனிமம் இருப்பின் அதனை அகழ்ந்து விற்கும் உரிமை பட்டாவோடு தானே வந்துவிடுவதில்லை. நான்காவதாக, வாரிசும் உயிலும் இன்றி ஒருவர் இறந்தால் நிலம் மாநிலத்தையே சேரும். இறுதியாக, 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்கீழ் பொதுத் தேவைக்காக அரசு எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ளலாம். போதிய இழப்பீடு வழங்காமல் எடுத்தலாகாது என்று அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு காவல் செய்கின்றது. எனினும், 1991ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை தரும் என்று மாநில ஆட்சி கருதும் நோக்கங்களுக்காகவும் நிலம் எடுக்கலாம் என அவ்வதிகாரத்தை விரிவாக்கியது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் உண்மை விளங்கும். ‘நிரந்தரம்’ என்னும் சொல் காலத்துக்கு மட்டுமே அடைமொழி, அதிகாரத்துக்கு அடைமொழியன்று. நிரந்தர உரிமை உடையவரும் மேலே அரசுக்கும், பக்கத்தே அயலார்க்கும், பின்னே வருங்காலத்துக்கும் கட்டுப்பட்டவரே. எல்லையற்ற தனியுடைமை என்று மக்கள் மனத்தில் கொண்டிருக்கும் படிமத்தைச் சட்டமே ஏற்றுக்கொள்வதில்லை.

பதிவேடும் நேர்மையும்

இந்நாட்டு நிலச் சட்டத்தின் மற்றொரு தூண், ராபர்ட் டாரன்ஸ் என்பவர் தென் ஆஸ்திரேலியாவில் 1858ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பதிவு முறை. இது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாய் மாநிலங்களை வந்தடைந்தது. இதற்கு முன் ஆங்கில முறையில், நிலம் வாங்குபவர் பழைய பத்திரங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்து, விற்பவர்க்கு உரிமை உண்டா என்று தெளிதல் வேண்டும். டாரன்ஸ் முறையிலோ அரசின் பதிவேடே இறுதிச் சான்று. பதிவேட்டில் பெயர் உடையவரே உடையவர்.

எளிமையும் உறுதியும் இம்முறையின் நலன்கள். ஏழைக்கும் இது பெருந்துணை. பத்திரம் படிக்கத் தெரியாதவரும் பதிவேட்டை நம்பி நிலம் வாங்கலாம். எனினும், பதிவேடும் உண்மையும் வேறுபடின் எதனைப் போற்றுவது என்னும் அறச்சிக்கலும் இதனோடு பிறந்தது. உடையவர் அறியாமல் வேறொருவர் பொய்க் கையொப்பமிட்டு நிலத்தை விற்றுவிடுகிறார் என்று கொள்க. வாங்கியவரும் வஞ்சம் அறியாதவர். முழு விலை கொடுத்தவர். குற்றம் செய்தவர் மறைந்துவிட, குற்றமற்ற இருவர் ஒரே நிலத்தின்முன் நிற்கின்றனர். எவர்க்கு நிலம்?

மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டின் இறுதியில், நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கியவர்க்கே நிலம் என்று தீர்ப்பளித்தது. நில உடையவர் பலர் கலங்கினர். உறங்கும்போதும் ஒருவர் தம் நிலத்தை இழக்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. 2010ஆம் ஆண்டில் அந்நீதிமன்றமே அவ்விளக்கம் தவறு என்று மாற்றிக் கூறியது. பொய்ப் பத்திரத்தின் வழியாக நேரே பெயர் மாற்றிக்கொண்டவர்க்கு உரிமை நிலைக்காது. அவரிடமிருந்து நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கும் அடுத்தவர்க்கே சட்டத்தின் காவல் உண்டு என்று தெளிவுறுத்தியது. ஓர் உயர்ந்த மன்றம் தன் தீர்ப்பைத் தானே திருத்திய இச்செயல், பதிவேடு அறத்தின் கருவியே அன்றி அறமே ஆகாது என்பதை உணர்த்துகின்றது.

உயிருள்ள நிலம், இறந்த நிலம்

பதிவேடு வருமுன் இம்மண்ணில் நில உரிமை இல்லாமற் போகவில்லை. மலாய் வழக்கத்தில் நிலம் இருவகைப்பட்டது. காடாகக் கிடப்பது ‘தானா மாத்தி’, அஃதாவது இறந்த நிலம். ஒருவர் காடு திருத்திப் பயிரிட்டது ‘தானா ஹிடுப்’, அஃதாவது உயிருள்ள நிலம். இறந்த நிலத்துக்கு உயிர் கொடுத்தவரே அதற்கு உரியவர். பயிரிடும் வரையில் உரிமை நிலைக்கும், வழிவழியாகவும் செல்லும். கைவிடப்பட்டுக் காடு மீண்டும் படர்ந்தால் உரிமையும் தேய்ந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கங்களை ஆராய்ந்து எழுதிய வில்லியம் மெக்ஸ்வெல், பழமரங்கள் நிற்கும் வரையில் தோப்பின் உரிமையும் நிற்கும் என்னும் மரபைக் குறித்துள்ளார். மரமே அங்குப் பட்டா.

நெகிரி செம்பிலானில் ‘அடாட் பெர்பாத்தே’ என்னும் வழக்கம் வேறொரு நெறியைக் காட்டுகின்றது. அங்கு மூதாதையர் நிலம் குலத்துக்குரியது. பெண் வழியாகவே செல்வது. பட்டாவில் பெயர் உடைய பெண் அந்நிலத்தைத் தன் குலத்தின் சார்பில் காப்பவளே தவிர, வெளியார்க்கு விருப்பம்போல விற்கத்தக்கவள் அல்லள். 1909ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வழக்க நில உரிமைச் சட்டம் இந்நெறியை ஏட்டிலும் ஏற்றியது. ஆங்கிலேயரின் குலவழி உரிமை பெண்களை வீடிழக்கச் செய்தது. இவ்வழக்கமோ பெண்ணை வீட்டோடு நிறுத்தியது. குலவழி என்னும் அமைப்பு ஒன்றே ஆயினும், எவரைக் காப்பதற்காக அஃது ஏற்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் அறம் வேறுபடுகின்றது.

உழைத்தவர்க்கு உரியதா?

நிலத்துக்கு உயிர் கொடுத்தவரே உரியவர் என்னும் எண்ணத்தை மேலைநாட்டு அறிஞரும் கூறியுள்ளனர். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் லாக், ஒருவர் தம் உழைப்பை நிலத்தோடு கலக்கும்போது அது அவருடையதாகின்றது என்று வாதிட்டார். பிறர்க்கும் போதுமான அளவும் அதேபோல் நல்லதாகவும் நிலம் எஞ்சியிருத்தல் வேண்டும் என்னும் வரம்பையும் அவரே விதித்தார்.

இக்கருத்தை மலேசியத் தோட்டங்களில் பொருத்திப் பார்த்தால் நெஞ்சை உறுத்தும் உண்மை வெளிப்படும். காடழித்து இரப்பர் நட்டவருள் பெரும் பகுதியினர் தமிழ்த் தொழிலாளர். அவர்தம் உழைப்பு அம்மண்ணோடு கலந்தது; அவர்தம் உடலும் கலந்தது. ஆயினும் நிலம் கம்பெனியின் பெயரில் இருந்தது. அவர் வாழ்ந்த லயமும் வேலையோடு கட்டுண்டது. வேலை நீங்கின் வீடும் நீங்கும். உழைப்பை நிலத்தோடு கலந்தவர் ஒருவர், உடையவர் மற்றொருவர். கூலி கொடுத்துவிட்டதால் கணக்குத் தீர்ந்தது என்று சட்டம் சொல்லும். ஆறு நாள் வேலைக்கு ஆறு நாள் கூலி ஈடாகலாம். அறுபது ஆண்டு வாழ்வுக்கு அக்கூலி ஈடாகுமா என்பதே அறம் எழுப்பும் வினா.

இக்கணக்குத் தீரவில்லை என்பது 1950களில் வெளிப்பட்டது. வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றுச் செல்லத் தொடங்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடிச் சிறு பகுதிகளாக விற்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். வேலையும் வீடும் ஒருங்கே இழந்து தவித்த தொழிலாளர்க்கு விடையாக, 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து சிறு சிறு தொகையாகச் செலுத்திய பங்குப் பணத்தால், கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாக 1961ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. இதனால் ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியே பட்டா பெற்றுவிடவில்லை. எனினும், தனியுடைமை, அரசுடைமை என்னும் இரண்டுக்கும் நடுவே கூட்டுடைமை என்னும் மூன்றாம் வழியும் உண்டு என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளரே தம் சேமிப்பால் மெய்ப்பித்தனர்.

நெடுங்காலம் வாழ்தலே உரிமை தருமா என்னும் வினாவும் உண்டு. மலேசியச் சட்டம் இதற்கு ‘இல்லை’ என்றே விடை கூறுகின்றது. எத்துணை ஆண்டுகள் குடியிருப்பினும், அரசு நிலத்திலோ பிறர் பெயரில் பதிவான நிலத்திலோ அதனால் பட்டா உண்டாகாது. பினாங்கில் கம்போங் புவா பாலாவில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் 2009ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டபோது, இச்சட்டத்தின் வன்மையை நாடே கண்டது.

ஆயினும் உழைப்பையும் வாழ்வையும் காட்டி உரிமை கோருவோர் தமக்கு முன்னிருந்தோரை மறத்தலாகாது. தோட்டங்கள் எழுந்த காடுகள் பலவும் ஆளில்லாக் காடுகள் அல்ல. ஓராங் அஸ்லி மக்கள் அங்கு வேட்டையாடினர்; கிழங்கும் பழமும் கொண்டனர்; முன்னோரை அடக்கம் செய்தனர். அவர்கள் காட்டை அழிக்கவில்லை என்னும் ஒரே காரணத்தால் ‘உழைக்கவில்லை’ என்று கொள்ளுதல் அறமாகுமா? சிலாங்கூரில் விமான நிலையச் சாலைக்காகத் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டபோது, பயிருக்கும் வீட்டுக்கும் மட்டுமே இழப்பீடு வழங்கப்பட்டது. நிலத்துக்கு வழங்கப்படவில்லை. 2002ஆம் ஆண்டில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், அவர்தம் வழக்க உரிமை நிலத்தின்மீதே உள்ள உரிமை என்றும், நிலத்துக்கும் இழப்பீடு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. டாரன்ஸ் முறை பிறந்த ஆஸ்திரேலியாவிலும், அந்நாட்டுப் பழங்குடியினர்க்கு நிலவுரிமை இருந்தது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது 1992ஆம் ஆண்டில்தான். திருத்தமான பதிவேட்டை உலகுக்குத் தந்த நாட்டில், முதற்குடிகளின் பெயர் அப்பதிவேட்டில் ஏறாமலே இருந்தது.

குத்தகையில் வாழும் நகரம்

நிரந்தர உரிமையின்றி மக்கள் நிறைவாக வாழ்தல் இயலுமா என்று கேட்போர்க்குச் சிங்கப்பூர் ஒரு விடை. அந்நாட்டிலும் நிரந்தர உரிமை நிலங்கள் உண்டு. 999 ஆண்டுக் குத்தகை நிலங்களும் உண்டு. ஆயின் மக்களுள் மிகப் பெரும்பாலோர் வாழ்வது 1960ஆம் ஆண்டில் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில். அவ்வீடுகளின் உரிமை 99 ஆண்டுக் குத்தகையே.

இத்திட்டத்துக்கு நிலம் எவ்வாறு கிடைத்தது? 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் வழியாக நிரந்தர உரிமை நிலங்கள் பல அரசின் கைக்கு வந்தன. 1973ஆம் ஆண்டில் செய்த திருத்தம், இழப்பீட்டை அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் விலைக்கு மேற்படாமல் கட்டிவைத்தது. அவ்விலை பின்னர்ச் சில முறை உயர்த்தப்பட்டது. முழுமையான சந்தை விலை வழங்கும் முறை 2007ஆம் ஆண்டிலேயே வந்தது. சாலையும் மக்கட்பெருக்கமும் உயர்த்திய விலையை நில உடையவர் தனித்து நுகர்தல் முறையன்று என்பது இதன்பின் நின்ற எண்ணம். 1879ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ் தம் நூலில் இதனையொத்த கருத்தை முன்வைத்தார். நிலத்தின் விலை உயர்வு உடையவரின் உழைப்பால் வருவதன்று. சமுதாயம் வளர்வதால் வருவது என்பது அவர் வாதம். பலர்க்கு வீடு கிடைத்தது மெய். சிலர் தம் முன்னோர் நிலத்தைக் குறைந்த விலைக்கு இழந்ததும் மெய். பலர் நன்மைக்காகச் சிலர் இழக்கும்போது, அவ்விழப்பின் சுமையைப் பலரும் பகிர்தல் வேண்டாவா என்னும் வினா அங்கு எஞ்சி நின்றது.

குத்தகைக்கும் முடிவு உண்டு. கேலாங் லோரோங் 3இல் இருந்த 191 தரை வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ஆம் நாள் முடிந்தது. நிலம் இழப்பீடின்றி அரசுக்குத் திரும்பியது. சட்டப்படி இதில் பிழை ஏதும் இல்லை. குறித்த நாள் குறித்தபடி வந்தது. ஆயின் வீடு என்பது மனித நெஞ்சில் ஆண்டுக் கணக்கில் அமைவதன்று. பெற்றோர் வாழ்ந்த இல்லத்தில் பிள்ளைகளும் வாழ்தல் வேண்டும் என்னும் விருப்பம் குத்தகைப் பத்திரத்தைப் படித்துப் பிறப்பதில்லை. சட்டம் அளக்கும் காலமும் நெஞ்சம் அளக்கும் காலமும் வேறுபடும் இடம் அதுவே.

நிலைபேறும் ஆதிக்கமும்

இத்துணையும் ஆராய்ந்தபின், நிலவுரிமை நல்லதா தீயதா என்று ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது என்பது புலனாகும். எனினும், அவ்வுரிமையினுள் பின்னிக் கிடக்கும் இரண்டு இழைகளைப் பிரித்துக் காணுதல் இயலும். ஒன்று நிலைபேறு: ‘என்னை இங்கிருந்து எவரும் காரணமின்றி அகற்றுதல் ஆகாது’ என்னும் உறுதி. மற்றொன்று ஆதிக்கம்: ‘இதனை யான் பயன்படுத்தினும் படுத்தாவிடினும், பிறர் இங்கு அடிவைத்தல் ஆகாது’ என்னும் அதிகாரம்.

நிலைபேற்றுக்கு உள்ள அறவலிமை பெரிது. அது மனிதர் அனைவர்க்கும் வேண்டுவது. ஒருவர் பெறுவதால் மற்றவர்க்குக் குறைவதன்று. வீடு நிலைத்தால்தான் குழந்தை ஒரே பள்ளியில் தொடர்ந்து பயிலும். முதியவர் அச்சமின்றிக் கண்ணயர்வர். முற்றத்தில் ஒரு முருங்கை நடவும் மனம் வரும். ஆதிக்கத்துக்கோ இத்துணை வலிமை இல்லை. ஒருவரிடம் பல நூறு ஏக்கர் புதர் மண்டிக் கிடக்க, அதன் அருகே குடியிருக்க இடமின்றி ஒரு குடும்பம் தவிக்குமாயின், பட்டாவைக் காட்டுதல் சட்டத்துக்கு விடையாகலாம், மனச்சான்றுக்கு விடையாகாது. கைவிட்ட நிலத்தின் உரிமை தேயும் என்ற பழைய மலாய் வழக்கம் இவ்விரண்டின் வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தது.

இவ்வேறுபாட்டை உணராமல் இருசாரார் பிழை செய்கின்றனர். ‘மண்ணை எவரும் உடன் கொண்டுபோவதில்லை, பட்டா எதற்கு?’ என்று வறியவர்க்குத் துறவு போதிப்பது ஒரு பிழை. துறப்பதற்கு ஒருவரிடம் ஏதேனும் இருத்தல் வேண்டும். இல்லாதவரிடம் துறவு பேசுதல் இருப்பவர்க்கே துணைபோகும். ‘பட்டா என்னுடையது; ஆகவே எவர்க்கும் யான் கடமைப்பட்டவன் அல்லன்’ என்று உடையவர் இறுமாந்திருப்பது மற்றொரு பிழை. அவருடைய பட்டாவே வரியாலும் நிபந்தனையாலும் பொதுத்தேவையாலும் பிறரோடு பிணைக்கப்பட்டுள்ளதை அவர் படித்தாரில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் வரலாறே இதற்குச் சான்று பகரும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் தோட்டத்தாரின் நிலத்திலேயே நின்றன. நிலம் பிறர்க்குரியது என்னும் காரணத்தால் பல பள்ளிகள் அரசின் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. தோட்டம் விற்கப்பட்டபோது கோவிலும் பள்ளியும் இடமின்றித் தவித்த நிகழ்ச்சிகள் பல. ஒரு பள்ளிக்கு வேண்டுவது ஆதிக்கமன்று, நிலைபேறே. அடுத்த ஆண்டும் இதே இடத்தில் மணி அடிக்கும் என்னும் உறுதி இருந்தால் போதும். அவ்வுறுதியும் சட்டத்தின் மொழியில் எழுதப்பட்டாலன்றி நிலைக்காது. வாய்மொழி இரக்கம் ஒருவர் காலத்தோடு முடிந்துவிடும். புதிய முதலாளிக்கு அது கட்டளையாகாது. ஆதலின், பட்டாவின் பொருளை அறிதலும், அதன் நிபந்தனைகளைப் படித்தறிதலும், உரிய காலத்தில் விண்ணப்பித்தலும் உலகியல் வேலைகளாக மட்டும் கருதத்தக்கன அல்ல. வரும் தலைமுறைக்குச் செய்யும் அறங்களும் ஆகும்.

தமிழில் ‘உடைமை’ என்பது வைத்திருத்தலைக் குறிக்கும். ‘உரிமை’ என்பதோ பிறர் ஏற்றுக்கொண்டால் அன்றி நில்லாது. ஆளில்லாத தீவில் தனித்து வாழ்பவர்க்கு உடைமை இருக்கலாம். உரிமை என்னும் சொல்லுக்கு அங்கு வேலையில்லை. ஒருவரின் வேலிக்கு அப்பால் நிற்கும் அயலார் அதனை மதித்து விலகிச் செல்வதாலேயே அவ்வேலிக்குள் இருப்பது அவர் நிலமாகின்றது. ஆகவே நிலம் உடைய ஒவ்வொருவரும் நிலம் இல்லாதவரின் பொறுமைக்குக் கடன்பட்டவர். ஆண்டுதோறும் செலுத்தும் நிலவரி அரசின் கடனைத் தீர்க்கும். இக்கடனைத் தீர்ப்பதற்கு, நிலத்தைப் பாழாக்காமல் பயன்கொள்ளுதலும், அயலார்க்கு இன்னல் செய்யாமையும், அந்நிலத்தில் உழைத்தவரை வெறுங்கையோடு வெளியேற்றாமையுமே வழிகள்.

பட்டாவில் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெயரும் தனக்கு முன்னிருந்த பெயரை அடித்துவிட்டு எழுதப்பட்டதே. தானும் ஒருநாள் அடிக்கப்படுவதே. அதனை உணர்ந்தவர் நிலத்தை விட்டுவிட வேண்டுவதில்லை. தமக்கு முன் அங்கு உழைத்தவரை நினைத்து, தமக்குப் பின் வருபவர்க்குக் குறையாமல் ஒப்படைத்தால் போதும்.